20 ஹெச்பி கம்ப்ரஸரை மாத்தலாமா? கணக்குப் புத்தகத்துல நஷ்டம் வருது

லேத்கடை_கோவை:
அவசரம்ங்க. காத்தை அழுத்தி டூலுக்குத் தர்ற பிஸ்டன் கம்ப்ரஸர், 2019ல 4.2 லட்சம். இப்ப ஓவர்ஹால் (முழுசாப் பிரிச்சு ரிப்பேர்) கேக்குது. புது ஸ்க்ரூ டைப் கம்ப்ரஸர் 5.5 லட்சம். பழசை 60,000க்குத்தான் கேக்கறாங்க, புத்தகத்துல இன்னும் 1.6 லட்சம் நிக்குது. வித்தா 1 லட்சம் நஷ்டம். மாத்தறதா, வேண்டாமா?

வால்வு_ரிங்:
ஓவர்ஹால் எவ்வளவு? தினம் எத்தனை மணி நேரம் ஓடுது? கரண்ட் யூனிட் என்ன விலை? 5.5ல ஜிஎஸ்டி சேர்த்தியா?

ஸ்க்ரூ_பக்கம்:
ஸ்க்ரூவே போடுங்க. நாள் முழுக்க விடாம ஓடினா பிஸ்டன் சீக்கிரம் தேயும், வால்வு பிளேட்தான் முதல்ல போகும்.

கணக்கர்72:
பிகாம் பாடம் இது. 1.6 லட்சம் 2019லயே போன காசு. வித்தாலும் வெச்சிருந்தாலும் திரும்பாது. தேய்மானம், வாடகை, ஆபரேட்டர் சம்பளம் எதுவும் இந்தக் கணக்குல வராது. இனிமேல் மாறப்போற காசை மட்டும் எழுதுங்க.

லேத்கடை_கோவை:
ஓவர்ஹால் 70,000. தினம் 10 மணி, வருஷம் 300 நாள். யூனிட் ரூ.8. ஜிஎஸ்டி 18% சேர்த்துத்தான். மணிக்குப் பழசு 16 யூனிட், புதுசு 12னு டீலர் சொல்றார். சர்வீஸ் வருஷத்துக்குப் பழசுக்கு 45,000, புதுசுக்கு 35,000.

கணக்கர்72:
காம்போசிஷன்ல (சின்னக் கடைக்கான ஜிஎஸ்டி திட்டம்) இல்லேன்னா கட்டின ஜிஎஸ்டி கிரெடிட்டா வந்துடும், அப்ப விலை 4.66 லட்சம். அதுல விக்கிற 60,000, மிச்சமாகிற ஓவர்ஹால் 70,000 போக 3.36 லட்சம். வருஷத்துக்கு மிச்சம்: கரண்ட்ல 4 யூனிட்×3,000 மணி×ரூ.8 = 96,000, சர்வீஸ்ல 10,000. 3 வருஷம் 2 மாசத்துல காசு திரும்பும்.

வரி_மேசை:
1 லட்சத்தை மூலதன நஷ்டமா காட்டினா வரி குறையுமே?

கணக்கர்72:
முடியாது. 15% தேய்மானம் போடற மெஷினெல்லாம் வரிக் கணக்குல ஒரே தொகுப்பு, அதான் பிளாக். அதுல லேத்தெல்லாம் இருக்கில்ல? 60,000 அந்த பிளாக்ல கழியும், மீதிக்குத் தேய்மானம் தொடரும்.

வரி_மேசை:
அப்ப தேய்மானம் வராதுன்னு ஒரேயடியா சொன்னது தப்பு. புதுசுக்குத் தேய்மானத்தால வரி மிச்சம் உண்டு. வாங்கின வருஷம் 180 நாளுக்குக் குறைவா ஓடினா பாதிதான், 7.5%. ஓவர்ஹால் செலவு அதே வருஷம் முழுசா கழியும்.

வால்வு_ரிங்:
வரி அப்புறம். அந்த 12 யூனிட்டை நம்பி முடிவெடுக்காதீங்க. ஸ்க்ரூ அன்லோடுல, அதாவது காத்தை அடைக்காம, சும்மா சுத்தும்போதே முழு லோடுல கால் பங்குக்கு மேல கரண்ட் இழுக்கும். முதல்ல காத்து லீக் பாருங்க: வேலை முடிஞ்சதும் எல்லா டூலையும் நிறுத்திட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட்டி, லோடு எத்தனை வினாடி, அன்லோடு எத்தனை வினாடின்னு நாலஞ்சு சுத்து குறிச்சுக்கங்க. லோடு நேரத்தை மொத்த நேரத்தால வகுத்தா லீக் சதவீதம்.

லேத்கடை_கோவை:
லோடு 42, அன்லோடு 108.

வால்வு_ரிங்:
28%. கால் பங்குக்கு மேல காத்து வீணாப் போகுது. குயிக் கப்ளர் (ஹோஸை டூல்ல மாட்டற இணைப்பு), ஹோஸ் கிளிப், ரெகுலேட்டர் டிரெயின், எல்லாத்துலயும் சோப்புத் தண்ணி தடவுங்க. குமிழி வந்த இடத்தை மாத்துங்க. லீக் அடைச்சா பழசு ஓடற நேரமே குறையும், அந்த 96,000 மிச்சமும் சுருங்கும். அப்ப ஓவர்ஹாலே போதும்னு ஆகலாம். இல்லேன்னா 15 ஹெச்பி ஸ்க்ரூவே பத்தும், விலையும் இறங்கும். அடைச்சப்புறம் ஒரு வாரம் மீட்டர் ரீடிங் எடுத்துட்டுக் கணக்கைத் திரும்பப் போடுங்க.

லேத்கடை_கோவை:
கப்ளர் 9 போயிருக்கு. ஞாயித்துக்கிழமை மாத்தறோம். கொட்டேஷனை நிறுத்தி வெச்சாச்சு.