எர்ஃபுர்ட்டில் மிக்வே பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஜெர்மனி பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். அடுத்த மாதம் அம்மாவோடு எர்ஃபுர்ட் போகிறோம். அங்கே கிரேமர்ப்ரூக்கே பாலத்தை ஒட்டி, கேரா ஆற்றங்கரையில், 13ஆம் நூற்றாண்டு மிக்வே, அதாவது யூதர்களின் சடங்குக் குளியல் தொட்டி, இருக்கிறது. 2007இல்தான் மண்ணுக்குள்ளிருந்து கண்டெடுத்தார்கள், 2023இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. மேலே பதித்த கண்ணாடி வழியாக வெளியிலிருந்தே எட்டிப் பார்க்கலாமாம், ஆனால் உள்ளே போக வேண்டுமென்றால் வழிகாட்டியோடுதான் விடுவார்கள்.

முதல் கேள்வி, ஆங்கிலத்தில் விளக்கும் சுற்று தினமும் உண்டா, இல்லை ஜெர்மன் மட்டும்தானா? முன்பதிவு எத்தனை நாளுக்கு முன்னால் செய்வது நல்லது? அப்புறம் படிகள். அம்மாவுக்கு முழங்கால் வலி, கைப்பிடி இருந்தால் மெதுவாக இறங்கிவிடுவார், ஈரப் படி என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாதவிலக்கு, பிரசவம் முடிந்த பெண்கள் முங்கி எழுந்த இடம், அதுவும் சாதாரணமாக மொண்டு ஊற்றிய தண்ணீர் ஆகாது, ஊற்றோ மழையோ தானாக வந்து சேர்ந்த நீராக இருக்க வேண்டும் என்று சொன்னதிலிருந்து என்னைவிட அவருக்குத்தான் ஆர்வம்.

ஃப்ரீட்பெர்க்கிலும் 1260இல் கட்டிய ஒன்று இருக்கிறது, ஆனால் 25 மீட்டர் ஆழமாம், அது எங்களுக்குச் சரிப்படாது. ஷ்பையரில் இருப்பது எப்படி? எர்ஃபுர்ட், ஷ்பையர் இரண்டையும் பார்த்தவர்கள், ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எதற்குப் போகச் சொல்வீர்கள்?