உதவி: பிங் திரும்பி வருகிறது, ரிவர்ஸ் ஷெல் மட்டும் வரவில்லை (ஓஎஸ்சிபி இரண்டாம் முயற்சி)

டெர்மினல்_தம்பி:
வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன் ஓஎஸ்சிபி (எந்திரங்களுக்குள் ஊடுருவிக் காட்டும் செய்முறைத் தேர்வு) எழுதி 60 மதிப்பெண்ணோடு நின்றுவிட்டேன். தேர்ச்சிக்கு 70 வேண்டும். ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸ் வலையமைப்பு) தொகுப்பில் 40, தனி எந்திரம் ஒன்றில் 20, அவ்வளவுதான். தேர்வு எந்திரங்களைப் பற்றி வெளியே எழுதக் கூடாது என்பது விதி, அதனால் அதற்குள் போகவில்லை. ஆனால் அன்று ராத்திரி 11 மணியிலிருந்து விடியற்காலை 4 வரை என்னை உட்கார வைத்த அதே சிக்கல் இப்போது பயிற்சி எந்திரம் ஒன்றிலும் வந்திருக்கிறது. அதைத்தான் கேட்கிறேன்.

லினக்ஸ் எந்திரம். இணையப் பக்கத்தில் கோப்பு ஏற்றும் இடத்தில் ஓட்டை இருந்தது, சின்ன பிஎச்பி வெப்ஷெல் (இணையப் பக்கம் வழியாகக் கட்டளை ஓட்டும் நிரல்) ஒன்றை ஏற்றிவிட்டேன். முகவரிப் பட்டையில் கட்டளையைத் தட்டினால் பதில் வருகிறது. அங்கிருந்து என் காளி லினக்ஸ் கணினிக்கு பிங் அடித்தால், வந்து சேரும் பாக்கெட்களைக் காட்டும் டிசிபிடம்ப்பில் தெரிகிறது. ஆனால் வழக்கமான பாஷ் ரிவர்ஸ் ஷெல் வரியைக் (அந்த எந்திரமே என் கணினிக்கு இணைந்து கட்டளைத் திரை தரும் வரி) கொடுத்தால், இணைப்பை எதிர்பார்த்து நான் திறந்துவைத்த நெட்கேட் சும்மாவே காத்திருக்கிறது. போர்ட் 4444 போட்டேன், 443 போட்டேன், 9001 போட்டேன். பயனர் கொடியை (உள்ளே நுழைந்ததற்கு ஆதாரமான கோப்பு) வெப்ஷெல்லிலேயே படிக்க முடிகிறது, ஷெல்தான் வரமாட்டேன் என்கிறது. அடுத்த தேர்வு மூன்று வாரத்தில். எங்கே தப்பு?

முதல்முயற்சி:
எர்ரரை அப்படியே சாட்ஜிபிடியில் போட்டுப் பாருங்கள், நேரம் மிச்சம்.

வலைக்காவல்:
பயிற்சியில் சரி, தேர்வில் அது கூடாது. ஏஐ சாட்பாட் தடை, எஸ்க்யூஎல்மேப் போன்ற தானியங்கித் தாக்குதல் கருவியும் தடை. தாக்குதல் கருவித்தொகுப்பான மெட்டாஸ்ப்ளாய்ட் ஒரே ஓர் எந்திரத்துக்குத்தான். தேர்வில் கைக்கு எட்டாத ஒன்றைப் பயிற்சியில் நம்பிப் பழகாதீர்கள்.

தம்பி, கொடியை வெப்ஷெல்லில் படித்தேன் என்றீர்களே, தேர்வில் அதற்கு ஒரு மதிப்பெண்கூட கிடையாது. ஊடாடும் ஷெல்லில் நின்று, கொடி இருக்கும் இடத்திலிருந்தே கேட் அல்லது டைப் கட்டளை கொடுத்துப் படிக்க வேண்டும், எந்திரத்தின் ஐபி முகவரியும் அதே படத்தில் தெரிய வேண்டும். அதனால் ஷெல் வராமல் விடவே முடியாது.

இப்போது விஷயம். பிங் வருகிறது என்பதால் டிசிபியும் வரும் என்று நினைக்க வேண்டாம், பிங் போவது ஐசிஎம்பி என்ற வேறு நெறிமுறையில். ஷெல்லைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். டிசிபிடம்ப்பை டன்0 (விபிஎன் இணைப்பு) மேல் ஓடவிட்டு, அங்கிருந்து கர்ல் (இணைய முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும் கட்டளை) மட்டும் அடியுங்கள்: முதலில் போர்ட் 80, அப்புறம் 443, அப்புறம் 4444. எதற்கு சின் பாக்கெட் (டிசிபி இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்) வந்து சேர்கிறது என்று சொல்லுங்கள். கொடுக்கும் முகவரி டன்0 உடையதுதானா என்றும் ஒரு தடவை பாருங்கள், ராத்திரி 2 மணிக்கு ஈத்0 (கணினியின் சாதாரண வலை இணைப்பு) முகவரியைப் போட்டுவிட்டு முழித்தவர்கள் நிறைய.

டெர்மினல்_தம்பி:
அண்ணா, பார்த்துவிட்டேன். முகவரி சரிதான். 80 வருகிறது, 443 வருகிறது. 4444க்கும் 9001க்கும் ஒரு பாக்கெட்கூட இல்லை. அப்படியானால் ஃபயர்வால். ஆனால் ஷெல் வரியை 443க்குக் கொடுத்தால் இப்போதும் வரவில்லை, டிசிபிடம்ப்பிலும் எதுவும் இல்லை! தேர்விலும் இதேதான், 443லும் வராததால் போர்ட் காரணமில்லை என்று முடிவு கட்டி வேறு ஓட்டை தேடப் போய்விட்டேன்.

நிலா_செக்:
443க்கு கர்ல் போகிறது, ஷெல் வரிக்கு ஒரு பாக்கெட்கூட கிளம்பவில்லை என்றால், அந்த வரி அங்கே முழுசாகப் போய்ச் சேரவே இல்லை. முகவரிப் பட்டையில் நேரடியாகத் தட்டுகிறீர்கள் இல்லையா? பாஷ் வரியில் & எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முகவரியில் & வந்தால் அதோடு அந்த மதிப்பு முடிந்தது, மிச்சம் வேறொரு அளவுரு என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். இடைவெளியை உலாவியே %20 ஆக்கிவிடும், & ஐ அப்படியே விட்டுவிடும். அதனால்தான் மற்ற கட்டளைகள் எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலத் தெரிகிறது.

சோதிக்க: ஒற்றை மேற்கோளுக்குள் 1&2 என்று எக்கோ கொடுங்கள். அப்புறம் & க்குப் பதில் %26 போட்டுக் கொடுங்கள்.

டெர்மினல்_தம்பி:
அக்கா!! முதலாவதுக்கு வெறும் வெள்ளைப் பக்கம். %26 போட்டதும் 1&2 என்று அப்படியே வந்தது. ஷெல் வரியிலும் மாற்றி 443க்கு அனுப்பினேன், நெட்கேட்டில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா (வெப் சர்வரின் பயனர்) ஷெல் வந்து நிற்கிறது. கை நடுங்குகிறது.

ஆக இரண்டு கோளாறு ஒன்றின் மேல் ஒன்று. போர்ட்டை மாற்றினால் & தடுத்தது, & இல்லாத நெட்கேட் வரியைப் போட்டபோது 4444ல் இருந்தேன்.

வலைக்காவல்:
அதுதான் நடந்திருக்கிறது. இனி நீளமான வரியை முகவரியில் திணிக்கவே வேண்டாம். ஒரு கோப்பில் எழுதி, 80ல் பைத்தான் சர்வர் போட்டு, கர்லால் இறக்கி, பாஷ் கொண்டு ஓட்டுங்கள். கோப்பு இறங்கியதா என்பது சர்வர் பதிவிலேயே தெரிந்துவிடும், அதாவது எந்தப் படியில் நின்றது என்று உடனே தெரியும். ஷெல் வந்ததும் பைத்தானின் பிடிஒய் (போலி டெர்மினல்) கொண்டும், உங்கள் டெர்மினலில் எஸ்டிடிஒய் ரா கட்டளை கொடுத்தும் அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள், இல்லையென்றால் கன்ட்ரோல்-சி அடித்தால் ஷெல்லே போய்விடும்.

நிலா_செக்:
நேரம் பற்றி ஒன்று. 23 மணி 45 நிமிடம் நீளமாகத் தெரியும், ஆனால் ஐந்து மணி நேரம் ஒரே சுவரில் மோதுவதற்கு அது போதாது. நான் எழுதியபோது ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஒன்றரை மணி நேர அலாரம் வைத்தேன், அடித்ததும் கண்காணிப்பாளருக்குச் சொல்லிவிட்டு எழுந்து மொட்டை மாடிக்குப் போய் வந்தேன். இடைவேளை எடுக்கத் தடையே இல்லை. நடுவில் நாலு மணி நேரம் தூங்கினேன், கடைசி ரூட் (முழு நிர்வாக உரிமை) தூங்கி எழுந்த பிறகுதான் கிடைத்தது. படங்களை அந்தந்த நேரத்தில் எடுத்துவிடுங்கள், அறிக்கைக்கு அப்புறம் 24 மணி நேரம் இருந்தாலும் விபிஎன் அதற்கு முன்பே துண்டிக்கப்பட்டுவிடும், திரும்பிப் போய் எடுக்க முடியாது.

டெர்மினல்_தம்பி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் "80, 443, %26" என்று எழுதி மேசை மேல் ஒட்டப் போனேன், அப்புறம் தேர்வில் கேமராவில் மேசையைக் காட்டச் சொல்வார்களே என்று ஞாபகம் வந்தது. சொந்தக் குறிப்புகளுக்கு அனுமதி உண்டுதானே?

வலைக்காவல்:
உண்டு தம்பி. தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.