வீட்லயே விஸ்கி டேஸ்டிங் வெக்கப்போறோம், என்ன பாட்டில், எந்த வரிசை? கொஞ்சம் சொல்லுங்க

ஒயிட்ஃபீல்டு வாசி:

வணக்கம் மக்களே. பெங்களூர்ல இருக்கோம், காலேஜ்ல இருந்து ஒண்ணா சுத்துற ஆறு பேர். அதுல ஒருத்தன் வேலை மாறி வேற ஊருக்கு போறான், அதனால அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை எங்க ஃப்ளாட்ல உக்காரலாம்னு பிளான். வழக்கமா உக்காந்தா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும், ஒரு ஃபுல்லு, கோக்கு, சோடா, சிக்கன் 65, பத்து மணிக்கு மேல எவனோ ஒருத்தன் பழைய காதல் கதைய ஆரம்பிப்பான், மறுநாள் என்ன பிராண்டுடா குடிச்சோம்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. இந்த தடவ மட்டும் நாலு நல்ல சிங்கிள் மால்ட் (ஒரே டிஸ்டில்லரில, முளைகட்டின பார்லில மட்டும் பண்ற விஸ்கி) வாங்கி, காச ஆறா பிரிச்சுக்கிட்டு, நிதானமா ருசி பாத்து பேசலாம்னு ஆசை.

சிக்கல் என்னன்னா எங்க செட்டுல ஒருத்தன் ஸ்காட்ச் தவிர வேற எதையும் தொட மாட்டான், அதுலயும் பீப்பால 12 வருஷம் ஊறினதுன்னு பாட்டில் மேல போட்டிருக்கணும். இன்னொருத்தன் பீர் மட்டும்தான், விஸ்கின்னாலே மூஞ்ச சுளிப்பான். எனக்கே ஒரு சந்தேகம் இருக்கு, யூடியூப்ல எல்லாரும் தேன் வருது வெனிலா வருது ஆரஞ்சு தோல் வருதுங்கிறாங்க, நான் மோந்து பாத்தா மூக்கு எரியுது, ஸ்பிரிட் வாசனை மட்டும்தான் வருது. இதுக்கெல்லாம் ட்ரெயினிங் எடுக்கணுமா? எது முதல்ல எது கடைசில, ஆளுக்கு எவ்ளோ ஊத்தணும், சைடுக்கு என்ன வெக்கலாம், அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க.

மடிவாளா மைனர்:

பெங்களூர்ல உக்காந்துகிட்டு ஸ்காட்ச் மட்டும்தான்னு சொல்ற அந்த நண்பருக்கு முதல்ல ஒரு பெரிய கும்பிடு. மைசூர் ரோட்டுல கம்பிபுரா பக்கம் அம்ருத் டிஸ்டில்லரி இருக்கு, அவங்க சிங்கிள் மால்ட்ட 2004ல முதமுதல்ல கொண்டு போய் விட்டதே ஸ்காட்லாந்துல, கிளாஸ்கோவுல. நம்ம ஊர் கடைக்கு வந்தது அதுக்கப்புறம் பல வருஷம் கழிச்சு. ஸ்காட்லாந்துக்காரன் குடிச்சு பாத்து ஓகே சொன்னப்புறம்தான் நம்மாளுங்களுக்கு நம்பிக்கை வந்துச்சு, நம்ம ராசி அப்படி.

நான் சொல்ற வரிசை இது. முதல்ல பால் ஜான் பிரில்லியன்ஸ், கோவாவுல பண்றது, புகையே கிடையாது (சில விஸ்கிக்கு பார்லிய புகைல காய வெப்பாங்க, அந்த வாசனைய சொல்றேன்), நேரடியான மால்ட் ருசி, உங்க பீர் நண்பரும் இதுல தப்பிச்சுடுவாரு. ரெண்டாவது இந்த்ரி ட்ரினி, ஹரியானா சரக்கு, போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பா, ஒயின் பீப்பா, ஷெர்ரி (ஸ்பெயின் ஒயின்) பீப்பான்னு மூணுல ஊறினது, உலர் திராட்சை வாசனை கொஞ்சம் தூக்கலா இருக்கும். (அம்ருத்ல மாஸ்டர் பிளெண்டரா இருந்த சுரீந்தர் குமார்தான் அப்புறம் இந்த்ரிக்கு போனாரு, ரெண்டையும் பக்கத்துல வெச்சு குடிச்சா ஒரு கத இருக்கு.) மூணாவது அம்ருத் ஃபியூஷன். நம்ம நாட்டு பார்லியும் ஸ்காட்லாந்துல இருந்து வர்ற புகை போட்ட பார்லியும் தனித்தனியா வடிச்சு கலக்குறது, நம்மளோடது முக்கால் பங்கு, அவங்களோடது கால் பங்கு. விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே தன்னோட 2010 விஸ்கி பைபிள் புக்குல உலகத்துலயே மூணாவது இடம் குடுத்தது இதுக்குத்தான். ஆனா இதுல ஆல்கஹால் 50 சதவீதம், முதல் ரெண்டும் 46, அதனால இத முன்னாடி வெச்சா நாக்கு மரத்துடும். கடைசியா புகை பார்ட்டி, ஸ்காட்லாந்து சரக்கு லஃப்ரோய்க் 10 கிடைச்சா அது, இல்லனா பால் ஜான் போல்டு. புகை சரக்க எக்காரணம் கொண்டும் முதல்ல ஊத்தாதீங்க, அப்புறம் என்ன குடிச்சாலும் புகைதான் தெரியும்.

ஆளுக்கு 20 மில்லி போதும். நாலு பாட்டிலுக்கு 80 மில்லி, அதாவது ஒரு லார்ஜும் கொஞ்சமும், யாரும் கவுந்துட மாட்டாங்க. கிளாஸ் விஷயத்துல கஞ்சத்தனம் வேணாம், அகலமான விஸ்கி கிளாஸ்ல வாசனை நிக்காது, கிளென்கேர்ன் மாதிரி அடி குண்டா வாய் குறுகலா இருக்கணும், அது இல்லனா சின்ன ஒயின் கிளாஸ் போதும். பிளாஸ்டிக் டம்ளர எடுத்துட்டு வர்றவன வாசல்லயே நிறுத்துங்க. சிக்கன் 65, மசாலா கடலை எல்லாம் நாலு ரவுண்டும் முடிஞ்சப்புறம். நடுவுல வெறும் தண்ணி, மாரி பிஸ்கட், அவ்ளோதான். அன்னிக்கு வீட்ல ஊதுபத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே எதுவும் கூடாது, சென்ட் அடிச்சுட்டு வராதீங்கடான்னு குரூப்ல ஒரு மெசேஜ் போட்டுடுங்க.

கவிதா_86:

மைனர் சொன்ன வரிசை சரி, ஆனா நான் இருந்தா இதையெல்லாம் யார்கிட்டயும் முன்னாடியே சொல்லவே மாட்டேன். பாட்டில மறைச்சுடுங்க. பழைய நியூஸ்பேப்பர்ல சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு 1, 2, 3, 4ன்னு எழுதிடுங்க, எது எதுன்னு ஊத்துறவருக்கு மட்டும் தெரிஞ்சா போதும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு துண்டு பேப்பர், பேனா. மோந்துட்டு முதல்ல எழுதணும், எழுதி முடிக்கிற வரைக்கும் யாரும் வாய தொறக்கக்கூடாது. ஏன்னா ஒருத்தர் "ஆஹா தேன்"னு சொல்லிட்டா அடுத்த அஞ்சு பேருக்கும் தேன்தான் வரும்.

நாங்க இப்படித்தான் ஒரு தடவ உக்காந்தோம். எங்க செட்டு நாலு பொண்ணுங்க ரெண்டு பசங்க, அதுல ஒருத்தர் உங்க 12 வருஷ நண்பர் மாதிரியே, பிளெண்டட் விஸ்கி (பல டிஸ்டில்லரி சரக்க கலந்தது) எல்லாம் குடிக்கிற சரக்கே இல்லம்பாரு. நாங்க நடுவுல சத்தமே இல்லாம ஜானி வாக்கர் பிளாக் லேபிள்ங்கிற பிளெண்டட சொருகிட்டோம். மனுஷன் அதுக்கு பத்துக்கு எட்டு போட்டு, "லேசான புகை, நல்ல பேலன்ஸ், இது கண்டிப்பா ஸ்காட்லாந்து ஸ்கை தீவு மால்ட்"னு பேப்பர் ரெண்டு பக்கமும் எழுதி வெச்சிருந்தாரு. பேப்பர பிரிச்சு காட்டினப்ப அவர் மூஞ்சிய பாக்கணுமே. ஆனா அவர் சொன்ன புகை தப்பே இல்ல, பிளாக் லேபிள்லயும் புகை மால்ட் கலந்துதான் இருக்கு, மூக்கு சரியா வேலை செஞ்சுச்சு, லேபிள்தான் அவர இத்தன நாள் ஏமாத்துச்சு.

வாசனைக்கு யூடியூப்காரங்க லிஸ்ட்ட பாக்காதீங்க. லஃப்ரோய்க் வந்தப்ப எல்லாரும் கிளாஸ வெச்சுட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்துகிட்டோம், யாருக்கும் என்ன எழுதுறதுன்னு தெரியல. விஸ்கி பக்கமே வராத ஒரு பொண்ணு, மதுரைக்காரி, மறுபடி ஒரு தடவ மோந்து பாத்துட்டு, "கீழ விழுந்து முட்டி பேந்தா எங்க ஊர் கம்பவுண்டர் பஞ்சுல தொட்டு வெப்பாரே டிஞ்சர், அது. அப்புறம் பக்கத்து வீட்ல கருவாடு சுடுறாங்க"ன்னா. எல்லாரும் சிரிச்சுட்டு மறுபடி மோந்தோம், டிஞ்சரும் இருக்கு கருவாடும் இருக்கு. உலகம் பூரா லஃப்ரோய்க்க பத்தி ஆஸ்பத்திரி, அயோடின், கடல்பாசின்னுதான் சொல்றாங்க, அவ ஒரு வரி கூட படிக்காம அதையே சொல்லிட்டா. அதனால பீர் நண்பர கடைசி வரிசைல உக்கார வெக்காதீங்க, எதுவும் தெரியாதவங்கதான் பெரும்பாலும் சரியா சொல்றாங்க.

இன்னொரு விளையாட்டு, ஒரே விஸ்கிய ரெண்டு நம்பர்ல ஊத்துங்க. ரெண்டுக்கும் எத்தன பேர் வேற வேற மார்க் போடுறாங்கன்னு பாருங்க. நான் போட்டது 7, 5. அதுக்கு மேல கேக்காதீங்க.

ஒரு_கட்டிங்:

அய்யா சாமிகளா, நண்பன வழியனுப்ப உக்கார்றீங்களா, இல்ல பப்ளிக் எக்ஸாம் எழுத உக்கார்றீங்களா? பேப்பர், பேனா, பேசக்கூடாது, சென்ட் அடிக்கக்கூடாது, சிக்கன் கிடையாது... எனக்கு இருபது வருஷமா சோடாவும் ரெண்டு ஐஸும் ஒரு டபுள் ஆம்லெட்டும் போதும், நல்லாதான் இருக்கேன். நம்ம ஊர் வெயிலுக்கு ஐஸ் போடாம குடிக்க சொல்றது எல்லாம் குளிர் நாட்டுக்காரன் சட்டம். கோவப்படாதீங்க கவிதாக்கா, பிளாக் லேபிள் மேட்டர் மட்டும் சூப்பர், அத நான் திருடிக்கிறேன்.

லேப்_காரன்:

கட்டிங் அண்ணனுக்கு: உங்க இஷ்டம்ணே, ஆனா ஐஸ் போட்டா குளிர்ல வாசனை எழும்பாது, அதனாலதான் டேஸ்டிங்ல வேணாங்கிறது. மத்த நாள் தாராளமா போடுங்க. சாதாரண பட்ஜெட் இந்தியன் விஸ்கி நிறைய கரும்பு மொலாசஸ் ஸ்பிரிட்ல பண்றது, அதுக்கு ஐஸும் சோடாவும் தப்பே இல்ல, சொல்லப்போனா தேவை.

கேள்வி கேட்டவருக்கு, மூக்கு எரியுதுன்னா கிளாஸுக்குள்ள மூக்க விட்டு இழுக்குறீங்கன்னு அர்த்தம். கிளாஸ தாடைக்கு நேரா புடிங்க, வாய லேசா தொறந்துகிட்டு மெதுவா மேல கொண்டு வாங்க, எரியுற இடம் வந்ததும் நிறுத்திடுங்க. மோந்த உடனே முடிவு பண்ணாதீங்க, ஊத்தி ஒரு அஞ்சு பத்து நிமிஷம் விட்டாலே பாதி காரம் போயிடும். அப்புறம் ஒரு டீஸ்பூன எடுத்து தண்ணிய சொட்டு சொட்டா விடுங்க. இது சும்மா ஸ்டைலுக்கு இல்ல. 2017ல ஸ்வீடன்ல கார்ல்சன், ஃப்ரீட்மேன்னு ரெண்டு பேர் கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு பாத்தாங்க, புகை வாசனைக்கு காரணமான குவயகால்ங்கிற பொருள் ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல இருந்தா உள்ளுக்குள்ளயே மாட்டிக்குது, 45க்கு கீழ இறங்கினா மேல்பரப்புக்கு வந்துடுது. மேல இருந்தாதான நம்ம மூக்குக்கு வரும். அதனால 50ல இருக்குற ஃபியூஷனுக்கு கண்டிப்பா தண்ணி விட்டு பாருங்க, விடாம ஒரு சிப், விட்டு ஒரு சிப், வித்தியாசம் நல்லாவே தெரியும். லஃப்ரோய்க் ஏற்கனவே தண்ணி கலந்து இறக்கிதான் பாட்டில்ல வருது, அதுக்கு ரொம்ப விடாதீங்க, சப்புன்னு ஆயிடும். ஆர்ஓ தண்ணி போதும், போர் தண்ணி வேணாம்.

ஒயிட்ஃபீல்டு வாசி:

எல்லாருக்கும் நன்றி மக்களே, இவ்ளோ எதிர்பார்க்கல. பேப்பர் சுத்துற ஐடியா ஃபிக்ஸ். பிரில்லியன்ஸ், ஃபியூஷன், லஃப்ரோய்க், நடுவுல இந்த்ரிக்கு பதிலா பிளாக் லேபிள், மன்னிச்சுக்கோங்க மைனர் அண்ணே, அந்த மூஞ்சிய நானும் பாக்கணும். ரெண்டு சந்தேகம் பாக்கி. பேப்பர பிரிச்சதும் நம்மாளு "ஃபியூஷன்ல வயசே போடலையே, அப்ப இது சின்னப்பய சரக்கு"ன்னு ஆரம்பிப்பான், என்ன பதில் சொல்றது? அப்புறம் ஆறு பேருக்கு 20 மில்லின்னா ஒரு பாட்டில்ல 120தான் காலி, மிச்சம் 630 நிக்குமே, அத என்ன பண்றது?

மடிவாளா மைனர்:

மன்னிச்சாச்சு. ஆனா கட்டிங் சந்தோஷப்படுவாருங்கிறதுதான் வருத்தம்.

வயசு கேக்குறவனுக்கு இத சொல்லுங்க. மரப்பீப்பால வெச்சா வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியா போகும், தேவதைங்க பங்குன்னு சொல்வாங்க. ஸ்காட்லாந்து குளிர்ல அது வருஷத்துக்கு சுமாரா 2 சதவீதம். பெங்களூர்ல 10, 12 வரைக்கும் போகுது. நம்ம சூட்டுல சரக்கு மரத்துக்குள்ள போய் போய் வர்றதும் வேகமா நடக்கும், அதனால நாலஞ்சு வருஷத்துலயே நல்லா முத்திடும். 12 வருஷம் விட்டா பீப்பால முக்கால்வாசி காணாம போயிருக்கும், இருக்கிறதும் மரத்த கடிச்ச மாதிரி இருக்கும். அம்ருத்காரங்களே 2013ல 8 வருஷம் ஊறின ஒண்ண விட்டாங்க, அதுக்கு வெச்ச பேரே பேராசை புடிச்ச தேவதைங்கன்னு, கிரீடி ஏஞ்சல்ஸ். அவன் கேக்குற 12 அந்த ஊர் குளிருக்கு போட்ட கணக்கு.

கவிதா_86:

மிச்சத்துக்கு, 100 மில்லி கண்ணாடி பாட்டில் ஆன்லைன்ல கிடைக்கும், சுடுதண்ணில நல்லா கழுவி காய வெச்சு, பேப்பர பிரிச்சப்புறம் ஆளுக்கு ஒண்ணா பிரிச்சு குடுத்துடுங்க, காசு சமமா போட்டதுக்கு அதான் நியாயம். ஊருக்கு போறவர் வேற ஸ்டேட்டுன்னா அங்க எவ்ளோ கொண்டு போக விடுவாங்கன்னு முதல்லயே பாத்துக்கோங்க. பெரிய பாட்டில்லயே விட்டீங்கன்னா நேரா நிக்க வெச்சு, வெயில் படாத அலமாரில வைங்க, ஒயின் மாதிரி படுக்க வெச்சா கார்க் ஊறி உதிரும். பாதிக்கு மேல நிறைஞ்சிருந்தா மாசக்கணக்குல ஒண்ணும் ஆகாது, கால் பாட்டிலுக்கு கீழ போயிடுச்சுன்னா உள்ள காத்து நிறைய, ருசி மங்கிகிட்டே வரும், அத சீக்கிரம் முடிச்சுடுங்க. அன்னிக்கு வண்டி எடுக்காம கேப்ல வர சொல்லுங்க எல்லாரையும், 80 மில்லிதானேன்னு எவனாவது கிளம்புவான்.