கூண்டைக் கண்டுபிடிப்பதுதான் கணக்கு: புறாக்கூண்டுக் கொள்கையோடு என் அனுபவம்

புறாக்கூண்டுக் கொள்கையின் வலுவை எனக்குக் காட்டியது கைகுலுக்கல் கணக்கு. அதற்கு முன்பே பாடத்தில் படித்திருந்தேன்: கூண்டுகளைவிடப் புறாக்கள் அதிகமாக இருந்தால், ஏதோ ஒரு கூண்டில் இரண்டு புறாக்களாவது இருந்தே தீரும். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த இதை வைத்து என்ன நிரூபித்துவிட முடியும் என்று தோன்றியிருந்தது.

ஒரு கூட்டத்தில் அவரவர் விருப்பம்போல் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். ஒரே எண்ணிக்கையில் கைகுலுக்கிய இருவராவது அங்கே இருப்பார்கள் என்று காட்ட வேண்டும். பத்துப் பேர் என்று வைத்துக்கொண்டேன். ஒருவர் யாரோடும் குலுக்காமல் இருக்கலாம். அதிகபட்சம் மற்ற ஒன்பது பேரோடும் குலுக்கலாம். ஆக 0 முதல் 9 வரை பத்துக் கூண்டுகள், ஆட்களும் பத்துப் பேர். ஆளுக்கொரு கூண்டு கிடைத்துவிடுகிறதே! வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்த பிறகு பிடிபட்டது. ஒன்பது பேரோடும் கைகுலுக்கியவர் ஒருவர் இருந்தால், எவரோடும் குலுக்காதவர் அங்கே இருக்க வழியில்லை. 0, 9 ஆகிய இரண்டில் ஒரு கூண்டாவது காலியாகத்தான் இருக்கும். மிச்சம் ஒன்பது கூண்டுகள், பத்துப் பேர். அன்று அடைந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அதன்பின் பழைய பாடங்களிலும் கூண்டுகள் தென்பட ஆரம்பித்தன. 1-ஐ 7-ஆல் வகுத்தால் 0.142857 என்று வந்து, அதே ஆறு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பள்ளியில் மனப்பாடமாகவே ஏற்றுக்கொண்டிருந்தேன். வகுத்தலை மறுபடி எழுதி, மீதிகளை மட்டும் பார்த்தேன்: 3, 2, 6, 4, 5, 1. ஏழால் வகுக்கும்போது 0 தவிர ஆறு மீதிகளே உண்டு. ஏழாவது படியில் பழைய மீதி ஒன்று வந்தாக வேண்டும். வந்ததும் அதே பாதைதான். எந்தப் பின்னத்தின் தசம வடிவமும் ஒன்று முடியும், இல்லையேல் சுழலும் என்பதற்கு இவ்வளவுதான் காரணம். இதை ஏன் வகுத்தல் பாடத்தோடே சொல்லித் தருவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

1972 சர்வதேசக் கணித ஒலிம்பியாடின் முதல் கேள்வியும் இந்த வகைதான். வெவ்வேறான பத்து ஈரிலக்க எண்கள் தரப்படுகின்றன. பொது உறுப்பு இல்லாத இரண்டு தொகுதிகளை, கூட்டுத்தொகை சமமாக வரும்படி அவற்றிலிருந்து எப்போதும் எடுக்க முடியும் என்று நிறுவ வேண்டும். பத்து எண்களிலிருந்து வெறுமையற்ற தொகுதிகள் 1023 எடுக்கலாம். கூட்டுத்தொகையோ 90 முதல் 99 வரை எல்லாவற்றையும் கூட்டினாலும் 945-ஐத் தாண்டாது. ஆகவே இரு தொகுதிகளுக்கு ஒரே கூட்டுத்தொகை. இரண்டிலும் இருக்கும் எண்களை நீக்கிவிட்டால் முடிந்தது.

அந்த இரண்டு தொகுதிகள் எவை என்று கேட்டால் இந்த நிரூபணம் வாய் திறக்காது. இது ஒரு குறை என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் இதன் அழகு. தேடிப் பார்க்காமலேயே, இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறதே! ஜெர்மானியக் கணிதவியலாளர் டிரிக்லே, பின்னமாக எழுத முடியாத விகிதமுறா எண்களைப் பின்னங்களால் எவ்வளவு நெருங்கலாம் என்று 1842-இல் நிறுவியதும் இந்த வழியில்தான். எல்லாக் கோப்புகளையும் இழப்பின்றிச் சுருக்கும் மென்பொருள் இருக்க முடியாது என்பதும் இதன் விளைவே. குறிப்பிட்ட நீளமுள்ள கோப்புகளைவிட, அதைவிடக் குட்டையான கோப்புகள் மொத்தமாகவே எண்ணிக்கையில் குறைவு.

புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. 1 முதல் 100 வரையிலான எண்களில் எந்த 51 எண்களை எடுத்தாலும், அவற்றுள் ஒன்று மற்றொன்றை மீதியின்றி வகுக்கும். ஒவ்வோர் எண்ணையும் ஒற்றை எண் வரும்வரை இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள். 12, 24, 96 எல்லாம் 3-இல் போய் நிற்கும். அந்த ஒற்றை எண்கள்தான் கூண்டுகள், மொத்தம் 50. ஒரே கூண்டில் இருக்கும் இரண்டில் சிறியது பெரியதை வகுக்கும். 50 எண்கள் போதுமா என்று சிலர் கேட்பார்கள். போதாது. 51 முதல் 100 வரை எடுத்துப் பாருங்கள், எதுவும் எதையும் வகுக்காது.