மறு: எஸ்.எம்.ஆர். வன்வட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஐயா, வணக்கம். நண்பர்களுக்கும். எஸ்.எம்.ஆர். (ஷிங்கிள்டு மேக்னடிக் ரெக்கார்டிங்) என்ற பதிவுமுறையில் எழுதும் வன்வட்டுக்கு, அதாவது ஹார்டு டிஸ்குக்கு, தமிழ்ப்பெயர் என்ன என்ற கேள்விக்கு என் பதில் இது.

> "ஷிங்கிள்" என்பதற்கு அகராதி கூழாங்கல் என்கிறது. "கூழாங்கல் காந்தப் பதிவு" என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. அது கடற்கரை ஷிங்கிள். இங்கே பேசப்படுவது கூரை ஷிங்கிள், அதாவது ஓடு.

சாதாரண வன்வட்டில் தடங்கள், அதாவது தட்டில் தரவு எழுதப்படும் வட்டக் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அருகருகே ஓடும். எழுதும் முனை சற்று அகலம், படிக்கும் முனை அதைவிடக் குறுகல். படிக்கப் போதுமான விளிம்பை மட்டும் விட்டு, மிச்சத்தின்மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதினால் அதே தட்டில் இன்னும் கொஞ்சம் கொள்ளும். 2013 முதல் சந்தையில் இருக்கும் உத்தி இது. தொல்லை, நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுதும்போதுதான். அகல முனை பக்கத்துத் தடத்தையும் சேர்த்து அழித்துவிடும். அதைத் திரும்ப எழுதப் போனால் அதற்கடுத்தது போகும். அதனால் தடங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்து, பெரும்பாலும் 256 மெகாபைட் அளவில், ஓரிடத்தைத் தொட்டாலும் பட்டையையே திருப்பி எழுதுகிறார்கள். (பட்டைக்குப் "பாத்தி", பட்டைகளுக்கு நடுவேயுள்ள இடைவெளிக்கு "வரப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகுதான், ஆனால் கூரையையும் வயலையும் கலக்க வேண்டாமே.)

வேய்ந்த கூரையில் நடு ஓட்டை மாற்றுவதும் இப்படித்தான், மேலே கிடப்பதைக் கிளப்பாமல் முடியாது. ஆகவே என் முன்மொழிவு: வேய்தடம். அப்படிப்பட்ட வட்டு, வேய்தட வட்டு.

> "அடுக்குப் பதிவு" எல்லோருக்கும் புரியுமே?

புரியும், தப்பாகப் புரியும். வன்வட்டுக்குள் தட்டுகளே அடுக்காகத்தான் இருக்கின்றன. "அடுக்கு" என்றதும் படிப்பவர் தட்டுகளைத்தான் நினைப்பார். இதே காரணத்தால்தான் நான் "வன்தட்டு" என்று எழுதுவதில்லை. "ஏழு தட்டுள்ள வன்தட்டு" என்றால் எது எது?

> தடங்கள் ஏறாத மற்ற வகையைச் "செங்குத்துப் பதிவு" எனலாம்.

இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். வேய்தட வட்டிலும் காந்தத் துகள்கள் செங்குத்தாகத்தான் நிற்கின்றன, அது இரண்டுக்கும் பொது. "வழக்கமான பதிவு" என்ற மொழிபெயர்ப்பும் எனக்கு உவப்பில்லை. இன்றைய வழக்கம் நாளைக்கு எதுவோ. தடம் தனியாக ஓடுகிறது, எனவே தனித்தட வட்டு.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்க ஒரு சொந்தக் காரணமும் உண்டு. வீட்டுக் கணினிக்கு 8 டெராபைட் வட்டு ஒன்று வாங்கினேன். (மாட்டியதும் விண்டோஸ் 7.27 என்று காட்டியது. அது ஏமாற்று இல்லை, விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணினி 1024ஆல் வகுக்கிறது.) பழைய படங்களையும் காணொளிகளையும் மொத்தமாக ஏற்றினேன். முதலில் குதிரை மாதிரி ஓடியது. பாதியில் நொண்ட ஆரம்பித்து, கோப்பு எவ்வளவு நகலாகியிருக்கிறது என்று திரையில் காட்டும் பச்சைக் கோடு அசையவே இல்லை. வட்டைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கம்பியை மாற்றினேன், வேறு துளையில் செருகினேன், வட்டு பழுது என்றே முடிவு கட்டிவிட்டேன். பழுதில்லை. இவ்வகை வட்டுகளில் வந்ததை முதலில் வாங்கி வைக்கத் தனித்தடப் பகுதி ஒன்று சிறிதாக இருக்கும். அது நிரம்பியதும் ஒவ்வொரு பட்டையாக வேய்ந்தாக வேண்டும். விவரத்தாளில் எங்கோ ஒரு மூலையில் எஸ்.எம்.ஆர். என்று மூன்றெழுத்து போட்டிருந்தார்கள், எனக்கு அப்போது அது ஒன்றும் சொல்லவில்லை. "வேய்தடம்" என்று இருந்திருந்தால் என்ன ஏது என்றாவது கேட்டிருப்பேன்.

அந்த மூன்றெழுத்தும் இல்லாமல் விற்ற காலம் உண்டு. வீட்டுச் சேமிப்பகப் பெட்டிகளுக்கென்றே விற்ற சில வட்டுகள் இவ்வகை என்பது 2020இல்தான் வெளியே வந்தது. ரெய்டு அமைப்பில் (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்குவது) ஒரு வட்டு செத்து, புதிதில் எல்லாவற்றையும் மறுபடி எழுதும்போது இது பெரும் தலைவலி.

சரி, புணர்ச்சிக்கு வருவோம். வேய்தடம் வினைத்தொகை. வேய்ந்த தடம், வேயும் தடம், இரண்டும் அடங்கும். ஊறுகாய் போல இங்கேயும் வலி மிகாது. தயவுசெய்து "வேய்த்தடம்" என்று எழுதிவிடாதீர்கள், வேய் மூங்கிலும் ஆகுமே, மூங்கில் தடமாகிவிடும்.

கலைச்சொல் பட்டியலுக்கு என் வரைவு:

வேய்தட வட்டு: தடங்கள் ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும் வன்வட்டு. ஒருமுறை எழுதிப் பலமுறை படிப்பதற்கு ஏற்றது: காப்புநகல், படத்தொகுப்பு. இயங்குதளத்துக்கும் ரெய்டுக்கும் ஆகாது.

தனித்தட வட்டு: தடங்கள் ஏறாமல் தனித்தனியே அமைந்த வன்வட்டு. அடிக்கடி மாற்றி எழுதுபவர்கள் கேட்டு வாங்க வேண்டியது.

"தனித்தடம்" பேருந்துத் தடத்தை நினைவூட்டுகிறது என்று யாராவது சொல்வீர்கள். அதற்கு மாற்று இருந்தால் தாருங்கள், ஏற்கிறேன். வேய்தடத்தை மட்டும் விடுவதாக இல்லை.