கான்ஃபிராங்க் நிலையப் படம்: மின்கம்பிக்குக் கீழே கரி எஞ்சினா?
ஸ்பெயினின் பிரனீஸ் மலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய கான்ஃபிராங்க் நிலையத்தின் பழைய அஞ்சலட்டை ஒன்று கிடைத்தது. எந்த ஆண்டுப் படம் என்று பிடிபடவே மாட்டேன் என்கிறது.

நிலையம் திறந்தது 1928 ஜூலையில். 1970 மார்ச்சில் சரக்கு ரயில் விபத்தில் பாலம் இடிந்து பிரான்ஸ் பக்கப் போக்குவரத்து நின்றது. ஆக, நடுவில் எப்போதோ. மின்கம்பி இருந்தது பிரான்ஸ் பாதைக்கு மட்டும்தான். ஆனால் படத்தில் கம்பிக்கு நேர் கீழே கரி எஞ்சின் புகை விட்டுக்கொண்டு நிற்கிறது!

எஞ்சின் எண் மங்கல், தபால் முத்திரை பாதி கிழிசல். கூகுளில் படத்தைப் போட்டுத் தேடியாயிற்று. தண்டவாள அகலத்தை வைத்து எந்த நாட்டுப் பாதை என்று கண்டுபிடிக்கலாமென்றால் கோணம் சரியில்லை. ஓர் அருங்காட்சியகத்துக்கு எழுதினேன், பதில் இல்லை.

பிரான்ஸ் பக்கத் தண்டவாளத்தில் ஷண்டிங்குக்கு (நிலையத்துக்குள் பெட்டிகளை இடம் மாற்றும் வேலைக்கு) நீராவி எஞ்சின் ஓடியதா, ஓடியதென்றால் எந்த ஆண்டு வரை?