மென்பொருள் சிஎம்டிஎஸ்ஸுக்கு மாறிய பிறகு மாலையில் மட்டும் அப்ஸ்ட்ரீம் படுத்துவிடுகிறது. ஏஐ கருவி சொல்வதும் ஒத்துவரவில்லை

ஹப்காரன்

வணக்கம். நடுத்தர அளவிலான கேபிள் நிறுவனம் ஒன்றில் நெட்வொர்க் பிரிவில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்பு வீட்டு மோடங்களை இணையத்தோடு சேர்க்கும் பழைய பெட்டி சிஎம்டிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு, சர்வரில் கண்டெய்னராக ஓடும் மென்பொருள் சிஎம்டிஎஸ்ஸுக்கு மாறினோம். ஃபைபர் முடிந்து கோஆக்ஸ் கேபிள் தொடங்கும் நோடுகளில், மோடங்களோடு சிக்னல் பேசும் ரிமோட் ஃபை சாதனம் வைத்தாகிவிட்டது. சர்வர்கள் ஹப்பிலேயே (நோடுகளுக்குப் பக்கத்து நிலையம்) இருந்த நான்கு மாதமும் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் மேலிடத்தில், ஒவ்வொரு ஹப்பிலும் எதற்கு, எல்லாவற்றையும் தலைமை டேட்டா சென்டருக்குக் கொண்டுபோவோம் என்று முடிவெடுத்தார்கள். அது ஃபைபர் வழியில் சுமார் 180 கி.மீ.

அன்றிலிருந்து 40 நோடுகளில் மூன்று மட்டும் மாலை 7 மணிக்கு மேல் தகராறு செய்கின்றன. வீட்டுக்கு வரும் டவுன்ஸ்ட்ரீம் ஓரளவு ஓடுகிறது, வீட்டிலிருந்து போகும் அப்ஸ்ட்ரீம் தவழ்கிறது. பதில் வராதபோது மோடம் எழுதும் டி3 டைம்அவுட் மழையாகக் கொட்டுகிறது. பத்தரை மணிக்குத் தானாகச் சரியாகிவிடுகிறது.

நோடு ரீபூட், புதிய மென்பொருள் பதிப்பு எல்லாம் பார்த்தாயிற்று. சர்வரில் சிபியு பாதியைக்கூடத் தொடவில்லை. போன மாதம் வாங்கிய ஏஐ பழுதுகணிப்புக் கருவி மூன்றுக்கும் ஒரே பதிலைத்தான் தருகிறது: அப்ஸ்ட்ரீம் இரைச்சல். அதை நம்பி லைன் ஆட்களை மூன்று முறை கம்பம் ஏற்றிவிட்டேன். இப்போது அவர்கள் என் போனையே எடுப்பதில்லை. வேறு எங்கே பார்ப்பது?

கோஆக்ஸ் கிழவன்

கருவி சொன்னது இருக்கட்டும். மூன்று நோடிலும் அப்ஸ்ட்ரீம் எஸ்என்ஆர் (இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு உயரம் என்ற அளவு) காலையில் எவ்வளவு, இரவு 8 மணிக்கு எவ்வளவு? அதைச் சொல்லாமல் இரைச்சல் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஹப்காரன்

அப்ஸ்ட்ரீம் 5 முதல் 85 மெகாஹெர்ட்ஸ் வரை. இரண்டு நோடுகளில் எந்த நேரம் பார்த்தாலும் 36, 37 டெசிபெல். மாலையிலும் அசையவில்லை. மூன்றாவதில் பகலில் 31, மாலையில் 22 வரை இறங்குகிறது.

கோஆக்ஸ் கிழவன்

அப்படியானால் உங்களிடம் இரண்டு நோய் இருக்கிறது. மூன்றாவது நோடு என் ஆள், அதற்கு அப்புறம் வருகிறேன். 37 டெசிபெல்லில் டி3 வந்தால் கேபிள்மேல் குற்றம் இல்லை.

பாக்கெட் பைத்தியம்

கிழவன் சொல்வது சரி. முதல் இரண்டு நோடுகளுக்கு என் சந்தேகம் மேப்தான்.

கேபிளில் மோடம் நினைத்த நேரத்தில் அனுப்ப முடியாது. இடம் கேட்க வேண்டும், சிஎம்டிஎஸ் எந்த மோடத்துக்கு எந்த நொடித்துளி என்று அட்டவணை போட்டு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அந்த அட்டவணைதான் மேப். ஒரு மேப் சில மில்லி நொடிகளுக்கு மட்டும்தான் செல்லும், நேரம் கடந்து வந்தால் குப்பை. பழைய பெட்டியில் அது ஒரு கார்டிலிருந்து பக்கத்துக் கார்டுக்குப் போனது. இப்போது ஐபி நெட்வொர்க்கில் ஏறி, நாலைந்து சுவிட்சுகளைத் தாண்டி வருகிறது. பெட்டிக்குள் இருந்த ஒயரைத்தான் நீங்கள் 180 கி.மீ. நீட்டியிருக்கிறீர்கள்.

ஃபைபரில் ஒளிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோநொடி ஆகும். 180 கி.மீ.க்கு ஒரு வழி 0.9 மில்லி நொடி. மேப்பை எவ்வளவு முன்னதாக அனுப்புவது என்பதற்கு ஓர் அமைப்பு இருக்கும், மேப் அட்வான்ஸ் என்பார்கள். சர்வர் ஹப்பில் இருந்தபோது வைத்த எண்ணையே அப்படியே விட்டுவிட்டீர்களா? விட்டிருந்தால் கைவசம் இருந்த இடைவெளியின் பெரும்பகுதியைத் தூரமே தின்றுவிட்டது. பகலில் மயிரிழையில் தப்பிக்கும். மாலையில் எல்லாரும் வீடியோ பார்க்க உட்கார்ந்ததும் சுவிட்ச் க்யூ நிரம்பும், மேப் வரிசையில் நிற்கும், நேரம் போய்விடும்.

டி3 எப்படி வருகிறது என்றால், நோடில் இருக்கும் ரிமோட் ஃபை சாதனத்துக்கும் அதே அட்டவணை வேண்டும். யார் எப்போது பேசுவார் என்று தெரிந்தால்தான் அது காது கொடுக்கும். அதற்கு மேப் தாமதமானால் மோடம் பேசியதே பதிவாகாது, மோடம் பதிலுக்குக் காத்துக் காத்து டி3 என்று எழுதும். உங்கள் ஏஐ கருவி டி3 எண்ணிக்கையை மட்டும் பார்த்திருக்கும். பழைய உலகில் டி3 என்றால் பெரும்பாலும் இரைச்சல், அது அப்படித்தான் படித்திருக்கிறது.

மூன்று விஷயம் பாருங்கள். ரிமோட் ஃபை சாதனத்தில் தாமத மேப் கவுண்டர் மாலையில் ஏறுகிறதா? மேப் பாக்கெட்டுகளும் கடிகார பாக்கெட்டுகளும் டிஎஸ்சிபி 46 என்ற அவசரக் குறியோடு, எல்லா சுவிட்சிலும் முதல் க்யூவில் போகின்றனவா? இந்த இரண்டு நோடும் ரிங்கில் (ஃபைபர் வளையம்) எந்தப் பக்கம் சுற்றி வருகின்றன?

கடிகாரத்தையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிஎம்டிஎஸ்ஸும் நோடும் பிடிபி என்ற நேர ஒத்திசைவு முறை வழியாக ஒரே நேரத்தைப் பின்பற்ற வேண்டும். போகவும் வரவும் ஒரே அளவு நேரம் ஆகும் என்று பிடிபி நம்புகிறது. மாலையில் ஒரு திசை மட்டும் நெரிசலானால் வித்தியாசத்தில் பாதி அப்படியே கடிகாரப் பிழையாகிவிடும்.

புதுசு புதுசா

இவ்வளவு தலைவலிக்குப் பதில் நேராக கேபிள் இணையத்தின் புதிய தரமான டாக்சிஸ் 4.0 போய்விடலாமே?

கோஆக்ஸ் கிழவன்

1.8 கிகாஹெர்ட்ஸுக்குப் போக வேண்டுமானால் வழியில் இருக்கிற ஆம்ப்ளிஃபயர் எல்லாம் மாற வேண்டும் தம்பி. க்யூ பிரச்சினை அப்போதும் அங்கேயேதான் இருக்கும்.

ஹப்காரன்

பைத்தியம் சார், உங்களுக்கு ஒரு கும்பிடு. தாமத மேப் கவுண்டர் பகலில் பூஜ்யம், இரவு எட்டரைக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு நோடும் ரிங்கின் நீளமான பக்கத்தில் இருக்கின்றன, மற்றவற்றைவிட இரண்டு சுவிட்ச் அதிகம். அதில் ஒரு சுவிட்ச் டிஎஸ்சிபி குறியை அழித்து எல்லாவற்றையும் சாதாரண க்யூவில் போட்டிருக்கிறது. மேப் அட்வான்ஸும் நீங்கள் சொன்னதுபோல் ஹப் காலத்து எண்தான்.

சுவிட்சைத் திருத்தி, மேப் அட்வான்ஸை ஒன்றரை மில்லி நொடி கூட்டினேன். மூன்று மாலையாக இரண்டு நோடும் அமைதி. ஆனால் வாடிக்கையாளர் பக்கம் பிங் ஒன்றிரண்டு மில்லி நொடி கூடியிருக்கிறது. இது இப்படித்தானா?

பாக்கெட் பைத்தியம்

அப்படித்தான். கேட்பதும் தருவதும் ஒவ்வொரு முறையும் 180 கி.மீ. போய் வருகிறது. அதனால்தான் அட்டவணை போடும் வேலையை ஹப்பிலேயே விட்டுவிட்டு, கட்டமைப்பு, கிராஃப், மாடல் பயிற்சி மாதிரி அவசரமில்லாதவற்றை மட்டும் டேட்டா சென்டருக்குத் தள்ளச் சொல்வேன். மென்பொருளாக மாறியதன் லாபமே எதை எங்கே ஓட்டுவது என்று நாம் தேர்ந்தெடுக்க முடிவதுதான். எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் அடைத்தால் மறுபடி ஒரு பெரிய பெட்டி வாங்கியது போலத்தான். அட்டவணை வேலையை நோடுக்கே கொண்டுபோகும் ரிமோட் மேக்ஃபை என்ற வழியும் இருக்கிறது, ஆனால் அதற்கு நோடு சாதனத்தையே மாற்ற வேண்டும்.

கோஆக்ஸ் கிழவன்

இப்போது மூன்றாவது நோடு. அதில் இருக்கும் மோடங்கள் கேபிள் கோளாறை ஈடுகட்ட வைத்திருக்கும் ப்ரீ-ஈக்வலைசர் எண்களை எடுங்கள். 24 டேப் இருக்கும். (வீட்டு இணைப்பு பிரியும் கம்பத்து டேப் இல்லை, கணக்கு டேப். இந்தப் பெயர்க் குழப்பத்தில் நான் ஒருவனைத் தேவையில்லாமல் கம்பம் ஏற்றியிருக்கிறேன்.) முதன்மை டேப்புக்குப் பின்னால் எந்த டேப் உயர்ந்து நிற்கிறது, எத்தனை மோடங்களில் அதே வடிவம் என்று பாருங்கள். ஒரு வீட்டில் மட்டும் என்றால் வீட்டுக்குள் கோளாறு. வரிசையாகப் பல வீடுகளில் ஒரே வடிவம் என்றால் அவை எல்லாவற்றுக்கும் பொதுவான கேபிளில் கோளாறு.

ஹப்காரன்

14 மோடங்களில் ஒரே வடிவம். முதன்மை 8ஆவது டேப், 10ஆவது தூக்கி நிற்கிறது. சானல் அகலம் 6.4 மெகாஹெர்ட்ஸ்.

கோஆக்ஸ் கிழவன்

6.4 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிம்பல் (மோடம் அனுப்பும் ஒரு துளி, டேப்புக்கு ஒன்று) சுமார் 195 நானோநொடி. ட்ரங்க் கேபிளில் சிக்னல் ஒளிவேகத்தில் 87 சதவீதம் ஓடும் என்று வைத்தால் 51 மீட்டர். உயர்ந்து நிற்கும் டேப் என்பது எதிரொலி, அது போய்த் திரும்புவதால் பாதி, டேப்புக்கு 25 மீட்டர். இரண்டு டேப் தள்ளி என்றால் சுமார் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்கள் சிக்னலைத் திருப்பி அடிக்கின்றன. வரைபடத்தில் அந்த 14 வீடுகளுக்கு மேலே, 50 மீட்டர் இடைவெளியில் என்ன இருக்கிறது? ஒரு முனையில் ஆம்ப்ளிஃபயர், மறுமுனையில் ஸ்ப்ளைஸ் (கேபிளை ஒட்டிய இணைப்பு) அல்லது கம்பத்து டேப் இருக்கும், பந்தயம். தண்ணீர் இறங்கிய கனெக்டர் எதிரொலியும் தரும், இரைச்சலையும் உள்ளே விடும். மாலையில் வீடுகளில் சாதனங்கள் ஓடும்போது அந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாம் நுழையும். சரி செய்யும்வரை அந்த நோடில் மாடுலேஷனை (ஒரு சிம்பலில் ஏற்றும் பிட் அளவு) ஒரு படி இறக்கி வையுங்கள்.

ஹப்காரன்

முன்பெல்லாம் ஹப்பில் ரிட்டர்ன் (அப்ஸ்ட்ரீம்) லைனில் ஸ்பெக்ட்ரம் அனலைசரைச் செருகிப் பார்ப்போம். இப்போது ஹப்புக்கு அனலாக் சிக்னலே வருவதில்லை, கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது.

தரவு தச்சன்

கண் இப்போது நோடில் இருக்கிறது. ரிமோட் ஃபை சாதனத்தில் யுடிஎஸ்சி என்ற வசதியை இயக்கினால் அப்ஸ்ட்ரீம் ஸ்பெக்ட்ரத்தை அதுவே படம் பிடித்து அனுப்பும். ஆனால் எல்லாவற்றையும் 180 கி.மீ. தாண்டி அனுப்பினால் இணைப்பைச் சும்மா அடைப்பீர்கள். ஹப்பில் காலியான சர்வர் இடம் இருக்கிறதே, அங்கே ஒரு சின்ன சேகரிப்பான் வையுங்கள். அது எல்லாப் படத்தையும் பார்த்து, வழக்கத்துக்கு மாறானதை மட்டும் மேலே அனுப்பட்டும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை கவுண்டரைக் கேட்கும் பழைய முறையில் அரை நொடி இரைச்சல் கண்ணில் படவே படாது.

ஏஐ கருவியைத் தூக்கி எறிய வேண்டாம். டி3 ஒன்றையே கொடுத்தால் அது இரைச்சல் என்றுதான் சொல்லும். தாமத மேப், சுவிட்ச் க்யூ, பிடிபி நிலை, ப்ரீ-ஈக்வலைசர், எந்த மோடம் எந்த ஆம்ப்ளிஃபயருக்குக் கீழே என்ற வரைபடம் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். அதைவிட முக்கியம், லைன் ஆள் போய் என்ன கண்டுபிடித்தார் என்று வேலைச்சீட்டில் ஒழுங்காக எழுத வேண்டும். 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிய சீட்டிலிருந்து எந்த மாடலும் எதையும் கற்காது.

ஹப்காரன்

பழைய வேலைச்சீட்டுகளைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் 'சரி செய்யப்பட்டது'தான். நான் போட்டதும் அதில் இருக்கிறது.

மூன்றாவது நோடு: ஆம்ப்ளிஃபயருக்கு 48 மீட்டரில் ஒரு ஸ்ப்ளைஸ். உறையைத் திறந்ததும் பச்சை பூத்து, தண்ணீர் சொட்டியது. மாற்றியதும் எஸ்என்ஆர் மாலையிலும் 35. கம்பம் ஏறியவர் இந்த முறை என் போனை முதல் ரிங்கிலேயே எடுத்தார். சீட்டில் 'ஸ்ப்ளைஸில் நீர், மையக் கம்பி அரிப்பு' என்று அவரையே எழுத வைத்துவிட்டேன்.